மிதவாத முஸ்லிம்கள் எங்கன்னு கேக்கலாமா, கேட்டா அது வெறுப்பா?

நேர்க்கோடு:

எல்லாருக்கும் வணக்கம். சண்டை மூட்டறதுக்காக இந்த இழைய ஆரம்பிக்கல, நிஜமாவே பதில் தெரியணும்னு கேக்கறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்கயாவது இஸ்லாத்தோட பேர சொல்லி ஒரு கொலை நடந்தா அடுத்த அரை மணி நேரத்துல நான் இருக்கற எல்லா வாட்ஸப் குரூப்லயும் ரெண்டே ரெண்டு குரல்தான் கேக்குது. ஒருத்தர் "மிதவாத முஸ்லிம்னு சொல்வீங்களே, அவங்கள்லாம் இப்ப எங்க, ஏன் வாயே தொறக்கல"ன்னு ஆரம்பிப்பார். உடனே இன்னொருத்தர் "இதுக்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்ல, இத பேசறதே வெறுப்புப் பிரச்சாரம்"னு முடிச்சு வெச்சிடுவார். அதோட பேச்சு நின்னு போயிடும், அடுத்த சம்பவம் வர்ற வரைக்கும்.

எனக்கு ரெண்டுமே ஒத்து வரல. முதல் ஆள் கேக்கறது அசிங்கமா இருக்கு, ஏன்னா பாரிஸ்ல எவனோ ஒருத்தன் செஞ்சதுக்கும் என்கூட வேலை செய்யற நண்பனுக்கும் என்ன சம்பந்தம், அவன் எதுக்கு எங்கிட்ட வந்து கண்டிக்கணும். ஆனா ரெண்டாவது ஆள் சொல்றதும் பொய்தானே. 2020 அக்டோபர்ல பிரான்சுல சாமுவேல் பாட்டின்னு ஒரு வாத்தியார், கருத்து சுதந்திரம் பத்தி பாடம் எடுக்கறப்ப நபிய வரைஞ்ச கார்ட்டூன் காட்டினார்னு தலைய வெட்டிட்டாங்க. அவருக்கு எதிரா ஆன்லைன்ல பிரச்சாரம் கிளம்பினதே ஒரு மாணவி வீட்ல சொன்ன கதைய வெச்சுத்தான், அந்தப் பொண்ணு அன்னைக்கு அந்த கிளாஸ்லயே இல்லன்னு பின்னாடி தெரிய வந்தது. கொன்னவன் எதுக்காக செஞ்சேன்னு அவனே பதிவு போட்டுட்டு செத்தான். அப்படி இருக்கறப்ப "மதத்துக்கும் இதுக்கும் தொடர்பே இல்ல"ன்னு நான் சொன்னா கேக்கறவன் நம்புவானா? நாம பூசி மெழுகறத ஜனங்க கவனிக்கறாங்க, அப்புறம் வெளிப்படையா பேசற ஒரே ஆள் முஸ்லிம்கள வெறுக்கறவன்தான்னு ஆயிடுது, கூட்டம் அவன் பின்னாடி போகுது.

அதனால என் கேள்வி இதுதான். மிதவாதிகள் பேசறதில்லங்கறது உண்மையா? முஸ்லிம் இல்லாத ஒருத்தன், ஒரு சமூகத்தையே குத்தவாளிக் கூண்டுல ஏத்தாம, அதே சமயம் நாசூக்குங்கற பேர்ல பொய்யும் சொல்லாம, இத எப்படி பேசறது? முக்கியமா முஸ்லிம் நண்பர்கள் என்ன நினைக்கறீங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்.

ஹாஜா_மை:

நேர்க்கோடு, நல்ல மனசோட கேக்கறீங்கன்னு தெரியுது, அதனால ஒளிக்காம சொல்றேன்.

"ஏன் கண்டிக்கல"ங்கற கேள்வி எங்க காதுல எப்படி விழுதுன்னா "உன்மேல சந்தேகமா இருக்கு, நீ நல்லவன்னு நிரூபி"ன்னுதான் விழுது. ஒவ்வொரு தடவையும் புதுசா நிரூபிக்கணும், போன தடவை சொன்னது கணக்குலயே வராது. நியூசிலாந்துல 2019 மார்ச்ல கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்கள்ல வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுக வந்த 51 பேர சுட்டுக் கொன்னான் ஒருத்தன், அதுக்காக எந்த வெள்ளக்காரனையும் புடிச்சு நீ கண்டிச்சியான்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன்.

அதுவும் போக, கண்டிக்கலங்கறது உண்மையே இல்ல. 2004-ல ஜோர்டான்ல தீவிரவாதத்த நிராகரிச்சு அம்மான் பிரகடனம் வந்துச்சு, அடுத்த வருஷம் ஐம்பது நாட்டு ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள் கூடி, ஒரு முஸ்லிம இன்னொரு முஸ்லிம் காஃபிர், நீ முஸ்லிமே இல்லன்னு தீர்ப்பு சொல்ல முடியாதுன்னு கையெழுத்து போட்டாங்க. தீவிரவாதிங்க மத்த முஸ்லிம்கள கொல்றதுக்கு முதல் ஆயுதமே அந்த தீர்ப்புதான், அதனால இது சும்மா சம்பிரதாய கண்டனம் இல்ல. 2008 பிப்ரவரில உ.பி.ல இருக்கற தேவ்பந்த் மதரஸாவுல ஆயிரக்கணக்கான உலமாக்கள் கூடி பயங்கரவாதம் இஸ்லாத்துக்கு விரோதம்னு அறிவிச்சாங்க. அதே வருஷம் மும்பை தாக்குதல்ல செத்த ஒன்பது தீவிரவாதிங்களோட உடல எங்க மண்ணுல அடக்கக் கூடாதுன்னு அங்க இருக்கற கபரஸ்தான் (முஸ்லிம் அடக்கஸ்தலம்) நிர்வாகம் மறுத்துடுச்சு. ஒரு மையித்துக்கு கபர் குடுக்க மாட்டோம்னு சொல்றது எங்க ஆளுங்க மத்தியில எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கு புரியுமான்னு தெரியல, அதுக்கு மேல ஒரு கண்டனமே கெடையாது. 2014-ல ஐஎஸ் தீவிரவாத அமைப்போட தலைவன் பக்தாதி தன்னை கலீஃபான்னு சொல்லிக்கிட்டப்ப, 120-க்கு மேல அறிஞர்கள் சேர்ந்து, நீ செய்யறது எந்தெந்த மார்க்க ஆதாரப்படி ஹராம்னு வரி வரியா பகிரங்க கடிதம் எழுதினாங்க.

செத்தவங்க கணக்கையும் பாருங்க. 2017 நவம்பர்ல எகிப்துல சினாய் பக்கம் ஒரு பள்ளிவாசல்ல ஜும்ஆ நேரத்துல 300 பேருக்கு மேல கொன்னாங்க, எல்லாரும் தொழுதுட்டு இருந்த முஸ்லிம்கள். அதே வருஷம் பிப்ரவரில சிந்துல லால் ஷஹ்பாஸ் கலந்தர் தர்காவுல குண்டு. 2014 டிசம்பர்ல பெஷாவர்ல பள்ளிக்கூடத்துக்குள்ள பூந்து நூத்துக்கும் மேல பிள்ளைங்கள சுட்டாங்க. 2015-ல பாரிஸ்ல, நபிய கார்ட்டூன் போட்ட ஷார்லி ஹெப்தோ பத்திரிகை ஆபீஸ்ல கொலை பண்ணிட்டு வெளிய வந்தவங்க ரோட்டுல சுட்டுக் கொன்ன போலீஸ்காரர் பேரு அஹ்மத் மெராபெத். ரெண்டு நாள் கழிச்சு யூத கடையில பிணையா மாட்டினவங்கள கீழ குளிர்பதன அறையில ஒளிச்சு வெச்சு காப்பாத்தின லசானா பாதிலி, மாலியில இருந்து வந்த முஸ்லிம். இவங்கள எல்லாம் நீங்க எந்தக் கணக்குல வெப்பீங்க?

உள்ளுக்குள்ள பேச வேண்டியது எங்களுக்கு நிறைய இருக்கு, அத நான் மறுக்கல. பயான்ல (மார்க்க சொற்பொழிவுல) என்ன பேசறாங்க, யூடியூப்ல யார் பேச்ச நம்ம பசங்க கேக்கறாங்க, எல்லாமே கவலையாத்தான் இருக்கு. ஆனா வெளிய நின்னு எங்கள மொத்தமா திட்டிட்டே இருந்தா, உள்ள பேசறவன "எதிரிக்கு எடுத்துக் குடுக்கறான்"னு ஓரங்கட்டிடறாங்க, நடக்கறது அதுதான்.

சாக்பீஸ்:

ஹாஜா பாய் சொன்னது எதையும் மறுக்க முடியாது, ஆனா ஒரு விஷயத்த சுத்தி போயிட்டார். கண்டனம் எதுக்கு வருது, எதுக்கு வர மாட்டேங்குதுன்னு பிரிச்சு பாக்கணும்.

குண்டு வெச்சா எல்லாரும் கண்டிக்கறாங்க, சரி. ஆனா ஒருத்தன் மதத்த விட்டு வெளிய போனா? மதத்த கேள்வி கேட்டா? அங்கதான் மிதவாதம்ங்கற சுவரு எவ்வளவு தூரம் நிக்குதுன்னு தெரியும். எகிப்துல ஃபரக் ஃபோதான்னு ஒரு எழுத்தாளர், மதமும் அரசும் தனித்தனியா இருக்கணும்னு எழுதினவர், 1992 ஜூன்ல சுட்டுக் கொன்னாங்க. கொன்னவங்க தீவிரவாதிங்க, அதுல ஆச்சரியம் இல்ல. கொலை வழக்கு நடக்கறப்ப ஷேக் முஹம்மத் அல்-கஸாலி சாட்சிக்கூண்டுல ஏறினார். மிதவாதின்னு அரபு உலகமே மதிச்ச அறிஞர் அவர். மதம் மாறினவன கொல்றது அரசோட வேலை, அத தனி ஆள் செஞ்சா அரசோட அதிகாரத்த கையில எடுத்துக்கிட்ட தப்பு மட்டும்தான், அதுக்குன்னு இஸ்லாத்துல தண்டனை இல்லன்னு சொன்னார். அந்த துப்பாக்கி வெடிச்ச சத்தத்த விட எனக்கு இந்த சாட்சியம்தான் பயமா இருக்கு.

பாகிஸ்தான் பஞ்சாப் கவர்னர் சல்மான் தசீர் கதை எல்லாருக்கும் தெரியும். மத நிந்தனை வழக்குல மரண தண்டனை வாங்கின ஆசியா பீபிங்கற கிறிஸ்தவப் பெண்ணுக்காக பேசினார், 2011 ஜனவரி 4-ம் தேதி அவரோட பாதுகாப்பு போலீஸ்காரனே சுட்டுட்டான். கொலைகாரன் காத்ரி எந்த பிரிவ சேர்ந்தவன்? தர்கா, கவ்வாலி, மவ்லிதுன்னு இருக்கற பரேல்வி பிரிவு. மேற்கத்திய சிந்தனையாளர்ங்க "சூஃபி வழிதான் தீவிரவாதத்துக்கு மருந்து"ன்னு சொன்னாங்களே அதே ஆளுங்க. தசீர் ஜனாஸாவுல (இறுதித் தொழுகையில) யாரும் கலந்துக்கக் கூடாதுன்னு அந்த பிரிவு மௌலவிங்க 500 பேர் அறிக்கை விட்டாங்க, கோர்ட்டுக்கு வந்த கொலைகாரன் மேல வக்கீலுங்க ரோஜா இதழ் தூவினாங்க, அவன தூக்குல போட்டப்புறம் கபருக்கு மேல தர்கா மாதிரியே கட்டி வெச்சிருக்காங்க. தாலிபான எதிர்க்கறாங்கங்கறதுக்காக ஒருத்தர மிதவாதின்னு சொல்லிட முடியாது.

அமெரிக்காவுல கருத்துக்கணிப்பு நடத்தற ப்யூ நிறுவனம் 2013-ல வெளியிட்ட ஆய்வுல, ஷரீஆங்கற இஸ்லாமிய சட்டம் நாட்டு சட்டமா இருக்கணும்னு சொன்ன முஸ்லிம்கள்கிட்ட, மதத்த விட்டு போறவனுக்கு மரண தண்டனை குடுக்கலாமான்னு கேட்டாங்க. எகிப்துல அவங்கள்ல 86 சதவீதம், பாகிஸ்தான்ல 76 சதவீதம் ஆமான்னாங்க. இத சொன்னா வெறுப்பா? சொல்லாம விட்டா அந்த நாட்டுல ஒளிஞ்சு வாழற நாத்திகனுக்கு நாம செய்யற துரோகம் இல்லையா?

ஆத்தங்கரை:

எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கறீங்க. எல்லாமே புத்தகத்துல இருக்கு. ஒழுங்கா படிச்சவன் தீவிரவாதி ஆவான், படிக்காதவன் மிதவாதியா இருப்பான், அவ்வளவுதான்.

நிஷாரா:

ஆத்தங்கரை, நீங்க சொன்னத அப்படியே பக்தாதி சொல்லுவான், ஒரு எழுத்து மாறாது. நான்தான் உண்மையான முஸ்லிம், மத்தவன் எல்லாம் போலின்னு அவன் சொல்றான், நீங்க ஆமாங்கறீங்க.

சாக்பீஸ் குடுத்த அதே ஆய்வ முழுசா எடுத்து பாருங்க. அதே கேள்விக்கு இந்தோனேசியாவுல 18 சதவீதம், துருக்கில 17, கஜகஸ்தான்ல 4. குர்ஆன் ஒண்ணுதானே? எகிப்துக்கு தனி, கஜகஸ்தானுக்கு தனின்னு எறங்கலையே. அப்ப வித்தியாசம் எங்க இருந்து வந்துச்சு? சட்டத்துல இருந்து, பாடப்புத்தகத்துல இருந்து, எந்த மௌலவிக்கு அரசாங்கம் மைக்கு குடுத்துச்சுங்கறதுல இருந்து. பாகிஸ்தான்ல நபிய அவமதிச்சா மரணம்ங்கற 295-சி பிரிவே 1986-ல ராணுவ சர்வாதிகாரி ஜியா உல் ஹக் காலத்துல வந்தது. அதுக்கு முன்னாடி அந்த நாட்டுல மத நிந்தனை வழக்குங்கறதே அபூர்வம். சட்டம் வந்தப்புறம் நூத்துக்கணக்குல வழக்கு, நிலத்தகராறு, காதல் தகராறு, வேலையில பொறாமை எல்லாமே இந்த சட்டத்துல வந்து நிக்குது.

தன்னோட ஒத்துப்போகாத முஸ்லிம காஃபிர்னு சொல்லி கொல்றது நேத்து வந்த வியாதி இல்ல. நாலாவது கலீஃபா அலி அவங்கள 661-ல கூஃபா பள்ளிவாசல்ல வெட்டினவன் நாத்திகனோ யூதனோ கெடையாது, ராத்திரி பகலா குர்ஆன் ஓதற காரிஜி கூட்டத்து ஆளு. ஐஎஸ்ஸ எங்க ஆலிம்கள் காரிஜிகள்னு சொல்றது அதனாலதான். ஆக மதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்றவங்களுக்கும் எங்க வரலாறு தெரியல, மதம்னாலே இதுதான்னு சொல்றவங்களுக்கும் தெரியல.

இப்ப நேர்க்கோடு கேட்ட நாசூக்கு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு உண்மையில கோவம் வர்ற இடம் இதுதான். முற்போக்கா பேசற என் நண்பர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு, முஸ்லிம் சமூகத்தோட கருத்து என்னன்னு தெரிஞ்சுக்கணும்னா தாடி வெச்ச ஒரு பெரியவர்கிட்ட போய் கேப்பாங்க. அவர் புண்படுத்துதுன்னு சொன்னா சமூகமே புண்பட்டதா ஆயிடும். நான் ஒரு முஸ்லிம் பொம்பள, எனக்கு புண்படல, எனக்கு வேற ஒண்ணு புண்படுதுன்னு சொன்னா, நீங்க கொஞ்சம் விதிவிலக்குன்னு சிரிச்சிட்டு நகர்ந்துடுவாங்க.

ஷா பானு வழக்கு ஞாபகம் இருக்கா? அறுபத தாண்டின, தலாக் சொல்லி துரத்தப்பட்ட அம்மா. 1985 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் ஜீவனாம்சம் குடுக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. ஊர்வலம், எதிர்ப்பு, சமூகம் புண்பட்டுடுச்சுன்னு கூச்சல், உடனே ராஜீவ் காந்தி அரசு 1986-ல சட்டம் போட்டு அந்த தீர்ப்ப ஒண்ணுமில்லாம ஆக்கிடுச்சு. அத எதிர்த்து மந்திரி பதவிய விட்டவர் ஆரிஃப் முகமது கான், அவரும் முஸ்லிம்தான். அன்னைக்கு "சமூகத்தோட உணர்வு"ன்னு அரசாங்கம் கணக்குல எடுத்தது ஆம்பளைங்க உணர்வ மட்டும்தான். அப்புறம் அதே விஷயத்த கையில எடுத்துக்கிட்டு முஸ்லிம் பெண்களுக்கு நாங்கதான் காவலன்னு யார் வந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். நாசூக்கு பாத்தவங்க காலி பண்ணின இடத்துல அவங்க வந்து ஒக்காந்தாங்க.

இங்கிலாந்துல ராதர்ஹாம்ங்கற ஊர் விஷயமும் இதேதான். 1997-ல இருந்து 2013 வரைக்கும் குறைஞ்சது 1,400 பிள்ளைங்க பாலியல் கொடுமைக்கு ஆளானாங்கன்னு 2014-ல வந்த ஜே விசாரணை அறிக்கை சொல்லுது. குத்தவாளிங்க பெரும்பாலும் பாகிஸ்தான் பூர்வீகம், அத எழுதினா இனவெறின்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்த அதிகாரிங்களும் உண்டுன்னு அதே அறிக்கையில இருக்கு. அது மத தீவிரவாதம் இல்ல, சாதாரண அயோக்கியத்தனம், அத கலக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது வேற. அந்த அறிக்கையில எல்லாரும் தாண்டிப் போற ஒரு இடம் இருக்கு, நகராட்சிக்காரங்க பாகிஸ்தானிய சமூகத்தோட பேசினது பெரும்பாலும் ஆம்பள பெரியவங்க மூலமாத்தான், அந்த சமூகத்துப் பெண்கள் எங்களயும் கேளுங்கன்னு நின்னாங்க, அவங்க பிள்ளைங்களும் பாதிக்கப்பட்டிருந்தாங்க. அதே நாட்டுல ராச்டேல்ங்கற ஊர்ல இதே மாதிரி ஒரு வழக்க, முன்னாடி நடத்தாம விட்டத திருப்பி எடுத்து 2012-ல ஒன்பது பேர உள்ள தள்ள வெச்ச அரசு வழக்கறிஞர் நசீர் அஃப்சல், அவரே பாகிஸ்தான் பூர்வீக முஸ்லிம். அவருக்கு இருந்த தைரியம் மத்தவங்களுக்கு ஏன் இல்ல?

கடலோரம்:

நான் இலங்கை. இதில எங்கட அனுபவத்தையும் சொல்ல வேணும் எண்டு நினைக்கிறன்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் அண்டைக்கு தேவாலயங்களிலயும் ஹோட்டல்களிலயும் குண்டு வெடிச்சது எல்லாருக்கும் தெரியும், 260 பேருக்கு மேல செத்தவை. ஆனா அதுக்கு முன்னம் நடந்தத வெளியில ஆக்கள் பெரிசா கதைக்கிறேல்ல. அந்தக் குண்டுத்தாக்குதல நடத்தின சஹ்ரான் எண்டவன் ஆபத்தானவன் எண்டு முதல் சொன்னது காத்தான்குடி முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில அவன்ர ஆக்கள் அங்க சூஃபி வழியில போற ஆக்களோட வாளும் கையுமா மோதினவங்கள், அதுக்குப் பிறகுதான் அவன் தலைமறைவானவன். ஊர் ஆக்கள் ஆர்ப்பாட்டம் செய்தவை, பொலிஸில முறைப்பாடு குடுத்தவை, உலமா சபையும் பாதுகாப்புத் தரப்புக்கு அறிவிச்சது. கடைசியில இந்தியாவில இருந்து வந்த உளவுத் தகவலையும் கணக்கெடுக்கேல்ல. மிதவாதிகள் எங்க எண்டு கேக்கிறவை இதையும் கேக்க வேணும்: அவை கத்தினபோது ஆர் கேட்டது?

குண்டு வெடிச்ச பிறகு குண்டுதாரிகளின்ர உடல்கள எங்கட மையவாடியில அடக்க விடமாட்டம் எண்டு உலமா சபை சொன்னது. எண்டாலும் அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில கும்பல் வந்து பள்ளிவாசல், கடை, வீடு எண்டு உடைச்சு எரிச்சது. அடி வாங்கினது ஆரெண்டா இந்த சஹ்ரான கண்ணாலயும் காணாத சனம். சாக்பீஸ் சொல்ற புள்ளிவிவரம் எல்லாம் சரியா இருக்கலாம், ஆனா அத எந்த நேரத்தில, ஆருக்கு முன்னால நிண்டு சொல்றம் எண்டு பாக்காட்டி அது நெருப்புப் பெட்டி மாதிரி, கையில இருந்து போனாப் பிறகு எங்க பத்தும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

சாக்பீஸ்:

கடலோரம், நீங்க சொல்றது நியாயம், ஆனா "நேரம் பாத்து பேசு"ன்னு சொன்னா அந்த நேரம் எப்ப வரும்? சம்பவம் நடந்த உடனே பேசினா எரியற வீட்ல ஆதாயம் தேடறான்ம்பாங்க, அமைதியா இருக்கறப்ப பேசினா சும்மா இருக்கறத கிளறறான்ம்பாங்க. நான் நாத்திகன், எல்லா மதத்தையும் விமர்சிக்கறேன், இந்து மதத்த பேசினா முற்போக்குவாதி, இஸ்லாத்த பேசினா சங்கின்னு ஒரே வாரத்துல பேரு மாறுது. மாஜித் நவாஸ்னு ஒருத்தர், இங்கிலாந்துக்காரர், முன்னாடி தீவிர அமைப்புல இருந்து எகிப்து ஜெயிலுக்கெல்லாம் போயிட்டு வெளிய வந்து சீர்திருத்தம் பேசினார். அமெரிக்காவுல பேர் போன ஒரு மனித உரிமை அமைப்பு 2016-ல அவர முஸ்லிம் விரோத தீவிரவாதிங்க பட்டியல்ல சேத்துடுச்சு! அவர் முஸ்லிம். வழக்கு போடுவேன்னு நின்னப்புறம் 2018-ல மன்னிப்பு கேட்டு 33 லட்சம் டாலருக்கு மேல குடுத்தாங்க. அதுக்கப்புறம் அவர் வேற வேற விஷயத்துல பேசினதெல்லாம் எனக்கு உடன்பாடு இல்ல, அது வேற. ஆனா பேர் போன அமைப்புக்கே இந்த குழப்பம்னா சாதாரண ஆளு வாய மூடிட்டுத்தானே இருப்பான்?

இதே மாதிரி பயத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. மான்செஸ்டர்ல 2017 மே மாசம் இசை நிகழ்ச்சில குண்டு வெடிச்சு 22 பேர் செத்தாங்க, விசாரணையில அங்க காவலுக்கு நின்ன ஒரு சின்னப் பையன் சொன்னான், அந்த ஆள் மேல சந்தேகம் வந்துச்சு, ஆனா போய் கேட்டா இனவெறின்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்தேன்னு.

ஹாஜா_மை:

சாக்பீஸ் தம்பி, அந்த காவல்காரப் பையன் சொன்னது எனக்கும் மனச கஷ்டப்படுத்துது. ஆனா பாதுகாப்புக்கு நிக்கறவன் கனமான பையோட சுத்தறவன கேக்கணும், அது அவன் வேலை, அவன் தாடிய பாக்க வேண்டியதே இல்ல. பைய பாக்காம மூஞ்சிய பாத்து சந்தேகப்படற பழக்கம் ஊருக்குள்ள இருக்கறதாலதான் அந்தப் பையனுக்கு அந்த தயக்கமே வருது. விமான நிலையத்துல பேர பாத்துட்டு தனியா கூட்டிட்டுப் போறது எங்க வீட்ல எல்லாருக்கும் நடந்திருக்கு, அதுல ஒரு குண்டும் புடிபடல.

ஃபரக் ஃபோதா விஷயத்துல உங்க கூட நான் நிக்கறேன். கஸாலி சொன்னது தப்பு, பெரிய தப்பு. "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை"ன்னு குர்ஆன்லயே இருக்கறப்ப, மதம் விட்டவன கொல்லலாம்ங்கற பழைய சட்டத்த இன்னும் தூக்கிப் புடிக்கறது சரியில்லன்னு சொல்ற ஆலிம்கள் இருக்காங்க, ஆனா அத மிம்பர்ல (பள்ளிவாசல் பிரசங்க மேடையில) ஏறி சொல்ற தைரியம் எல்லாருக்கும் இல்ல. சூடான்ல மஹ்மூத் முஹம்மத் தாஹாங்கற 76 வயசு அறிஞர் ஷரீஆவ புதுசா வாசிக்கணும்னு சொன்னதுக்காக 1985 ஜனவரி 18-ல தூக்குல போட்டாங்க. மிதவாதி ஏன் மெதுவா பேசறான்னு கேக்கறவங்க இதையும் நினைச்சுப் பாக்கணும், நீங்க கருத்து சொன்னா உங்களுக்கு நாலு பேரு லைக் போடாம போவாங்க, அவ்வளவுதான் நஷ்டம்.

ஆனா ஒரு விஷயத்துல நான் மாற மாட்டேன். எங்க நபிய கேவலமா வரைஞ்சா எனக்கு வலிக்கும். வலிக்குதுன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. அந்த பத்திரிகைய வாங்காதீங்கன்னு சொல்வேன், கண்டிச்சு எழுதுவேன். வரைஞ்சவன் மேல கை வைக்கறவன் என் ஆளு இல்ல. இதுக்கு மேல ஒரு மிதவாதிகிட்ட என்ன எதிர்பாக்கறீங்க, வலிக்கவே கூடாதுன்னா?

நேர்க்கோடு:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விரிவா வரும்னு எதிர்பாக்கல. ஹாஜா பாய், வலிக்கறத சொல்லக் கூடாதுன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு தெளிவாகல. அந்த வலிய மதிக்கறதுக்காக மத்தவங்க அந்த படத்த காட்டாம இருக்கணுமா, சட்டமே போடணுமா, இல்ல அவங்கவங்க விருப்பமா? நாசூக்கு எங்க முடியணும்?

நிஷாரா:

இத ஐநா சபையிலயே பத்து வருஷத்துக்கு மேல இழுத்தாங்க. 1999-ல இருந்து பாகிஸ்தானும் இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பும் மதத்த இழிவுபடுத்தறது தப்புன்னு வருஷா வருஷம் தீர்மானம் கொண்டு வந்தாங்க. 2011 மார்ச்ல ஐநா மனித உரிமை கவுன்சில்ல அத கைவிட்டுட்டு 16/18-ன்னு ஒரு தீர்மானத்த எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, அதுல பாதுகாப்பு மதத்துக்கு இல்ல, அத நம்பற மனுஷனுக்கு. அவன் நம்பிக்கைக்காக அவனுக்கு வேலை மறுக்கக் கூடாது, அவனுக்கு எதிரா வன்முறைய தூண்டக் கூடாது. அவன் நம்பிக்கைய விமர்சிக்கலாம். நான் கோடு போடற இடமும் அதுதான். முஸ்லிம்னு தெரிஞ்சா வீடு வாடகைக்கு தர மாட்டேன்னு சொல்றவன பேசறப்ப ஒரு நாசூக்கும் வேண்டாம். தலாக்கோ, மதம் மாறினவனுக்கு தண்டனையோ, பர்தாவ கட்டாயப்படுத்தறதோ பேசறப்பவும் வேண்டாம்.

படம் காட்டற விஷயத்துல ஒரு சம்பவம் சொல்றேன். 2022-ல அமெரிக்காவுல ஹேம்லைன் பல்கலைக்கழகத்துல கலை வரலாறு எடுத்த ஒரு ஆசிரியர், நபிய பக்தியோட வரைஞ்ச 14-ம் நூற்றாண்டு பாரசீக ஓவியத்த காட்டினார், வரைஞ்சதே முஸ்லிம்கள். பாக்க விரும்பாதவங்க பாக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லிட்டுத்தான் காட்டினார். ஒரு மாணவி புகார் குடுத்தார், நிர்வாகம் இது இஸ்லாமிய வெறுப்புன்னு சொல்லி அவருக்கு அடுத்த பருவத்துல வேலை தரல. அந்த ஆசிரியருக்காக குரல் குடுத்தது யார் தெரியுமா, அமெரிக்க முஸ்லிம் அமைப்புகளே. முஸ்லிம் பொது விவகார கவுன்சில், இது வெறுப்பு இல்ல, எங்க கலை மரபுலயே ஒரு பகுதின்னு அறிக்கை விட்டுச்சு. பல்கலைக்கழகம் யார பாதுகாக்கறதா நினைச்சுதோ அந்த சமூகத்துக்குள்ளயே இருக்கற இவ்வளவு கருத்து அவங்க கண்ணுக்கு தெரியவே இல்ல.

நேர்க்கோடு, குரூப்ல என்ன பேசறதுன்னு கேட்டீங்க. "முஸ்லிம்கள் ஏன் பேசல"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சா, பேசி மாட்டிக்கிட்ட ஒருத்தர் பேர சொல்லுங்க. ஜுனைத் ஹஃபீஸ், முல்தான்ல ஆங்கில விரிவுரையாளர், அமெரிக்காவுல படிச்சிட்டு சொந்த நாட்டுல பாடம் எடுக்க திரும்பி வந்தவர். 2013-ல மத நிந்தனைன்னு கைது பண்ணாங்க. அவருக்காக வாதாடின வக்கீல் ராஷித் ரெஹ்மான கோர்ட்லயே மிரட்டினாங்க, 2014 மே மாசம் அவரோட ஆபீஸ்ல வெச்சு சுட்டுக் கொன்னாங்க. ஜுனைதுக்கு 2019 டிசம்பர்ல மரண தண்டனை. ரெண்டு பேருமே முஸ்லிம். இந்தப் பேருங்கள தெரியுமான்னு அந்த ஆள கேளுங்க, அப்படியே மத்த பக்கம் இத பேசறதே வெறுப்புன்னு கதவ சாத்தறவரயும் கேளுங்க. ரெண்டு பேருக்கும் தெரியாதுன்னா அங்கிருந்து பேச்ச ஆரம்பிக்கலாம்.

சாக்பீஸ்:

ராஷித் ரெஹ்மான் பத்தி நான் எழுதணும்னு இருந்தேன், நீங்க எழுதிட்டீங்க. ஹாஜா பாய்க்கு மட்டும் ஒரு வரி: வலிக்கவே கூடாதுன்னு நான் கேக்க மாட்டேன், நீங்க சொன்ன அந்த வாங்காதீங்க, கண்டிச்சு எழுதுவேன்ங்கறதோட நிறுத்தினா உங்க பக்கத்துல நானும் நிப்பேன், சட்டம் வேணும்னு யாராவது கேட்டா எதிர்ல நிப்பேன்.

ஹாஜா_மை:

சட்டம் வேண்டாம் தம்பி. அந்த சட்டம் வந்தா முதல்ல உள்ள போறது எங்கள்ல வேற மாதிரி தொழறவன்தான், பாகிஸ்தான்ல சட்டமே முஸ்லிமா ஏத்துக்காத அஹ்மதியா பிரிவினருக்கு நடக்கறத பாத்துட்டுத்தானே இருக்கோம்.